உயிரோடு தூக்க ஆளில்லை

கிரிசல் ரெய்ட்டின் கால்கள் போனது, நார் எடுத்துத் துணி நெய்வதற்காக ஆளிச்செடியை ஊறவைக்கும் குளத்தில். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் புரட்டாசிக் குளிர் எப்படியிருக்கும் என்பது அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அழுகின செடியைக் கட்டுக்கட்டாக அள்ளிக் கரையில் போடுவது பெண்கள் வேலை. ஒரு நாள் கரையேறினாள், கால் மரத்திருந்தது. மறுநாள் சரியாகிவிடும் என்றார்கள். மறுநாளும் அப்படியேதான் இருந்தது, அப்புறம் என்றைக்குமே அப்படித்தான். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். ஒரே மகனைக் கடற்படைக்காரர்கள் துறைமுகத்தில் வைத்துக் கப்பல் வேலைக்குப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

ஆக, அவள் ஊர்க் கோயிலின் மூப்பர் சபை முன்னால் போய் உட்கார்ந்தாள். போதகரும் மூப்பர்களும் நல்லவர்கள்தான், ஆனால் கணக்கானவர்கள். ராட்டை, கெட்டில், கட்டில் எல்லாம் அவள் செத்ததும் கோயிலுக்கு, விற்று ஏழைப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு, கழுத்தில் ஓர் ஈயத்தகட்டைக் கட்டிவிட்டார்கள். கின்லோடி என்று ஊர்ப் பெயர் அதில் அடித்திருந்தது. தகடு இருந்தால் கின்லோடி எல்லைக்குள் எந்த வாசலிலும் கையேந்தலாம், அதில் பாவமும் இல்லை குற்றமும் இல்லை. தகடு இல்லாமல் கையேந்தினால் திருட்டுப் பிச்சை. பிடித்துக் கொண்டுபோய் எல்லைக்கு வெளியே விட்டுவிடுவார்கள். கால் உள்ளவள் என்றால் அடுத்த ஊருக்கு நடந்து போய்ப் பட்டினி கிடப்பாள். கிரிசலை எங்கே இறக்கி வைக்கிறார்களோ அங்கேயே முடிந்தது கதை.

நடக்க முடியாத பிச்சைக்காரருக்கு அந்த நாட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு பலகை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பாடைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இதில் இருப்பவர் கூடவே பேசிக்கொண்டு வருவார். எந்த வீட்டு வாசலில் பலகை இறங்குகிறதோ அந்த வீட்டார் ஒரு பிடி ஓட்ஸ் மாவு போட வேண்டும், பொழுது சாய்ந்திருந்தால் அடுப்போரம் படுக்க இடம் கொடுக்க வேண்டும், பிறகு அவர்களே அடுத்த வீட்டு வாசலுக்குத் தூக்கிப் போய் வைக்க வேண்டும். தர்மமும் அதுதான், தலைவலியைத் தள்ளிவிடுவதும் அதுதான். சில வீட்டில் மாவு பையில் விழுவதற்குள் பலகை தரையைவிட்டு எழும்பிவிடும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பலகை ஊரைச் சுற்றுவது எப்போதும் சூரியன் போகிற பக்கமாகத்தான். வலம். கோயில் தெருவில் கிளம்பி, வார்டெண்ட் பண்ணைக்கு ஏறி, குன்றைச் சுற்றி, கடலோரம் வந்து, மறுபடி கோயில் தெரு. இடப்பக்கமாக ஒரு பிச்சைக்காரியைத் தூக்கிப் போனால் தூக்கினவன் வீட்டு விளைச்சல் அவளோடு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. போதகர் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்வார். கேட்டுவிட்டு வெளியே வந்து வலமாகவே தூக்குவார்கள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டில் பயிர் பச்சையாக நிற்கும்போதே பனி விழுந்தது. அறுக்க முடிந்ததைப் பனிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மாவில் பாதி உமி. தை மாதத்துக்குள் நெசவாளர் வீடுகளில் கோசுக்கீரைத் தண்டை வேகவைத்த தண்ணீர்தான் காலையும் மாலையும். ஏழைப் பெட்டிக்கு வருமானமே சவத்துணி வாடகைதான். அந்தக் கறுப்பு வெல்வெட்டைச் சாவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். ஊரில் சாவு விழுந்தால்தான் ஏழைக்குக் கஞ்சி என்ற இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

சாவு நிறைய விழுந்தும் பெட்டி நிறையவில்லை. இழவு வீட்டிலும் காசில்லை.

வார்டெண்ட் பண்ணையில் கிரிசலுக்கு விஷயம் தெரிந்தது ஒரு சனிக்கிழமை. பண்ணைக்காரரின் மனைவி லிலியாஸ் கஞ்சிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்குத் தகடு நாள் ஆச்சே, நீ இங்க என்ன பண்ற கிழவி?”

“தகடு நாளா? அது என்ன தாயி?”

“போன ஞாயித்துக்கிழமையே போதகர் படிச்சாரே! தகடு வச்சிருக்கிற அத்தனை பேரும் நாளைக்குப் பிரசங்கம் முடிஞ்சதும் கோயில்ல வந்து நிக்கணும். வராதவங்க தகடு ரத்து. காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. உனக்கு யாருமே சொல்லலியா?”

போன ஞாயிறு அவள் கடலோரக் குடிசை ஒன்றில் பனியில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். அது சரி. ஆனால் அதற்குப் பிறகு கோயில் தெரு முழுக்க வாசல் வாசலாக இறங்கி ஏறினாளே! ஒருத்தர் சொல்லவில்லை. தெருவின் கடைசி வீடு நெசவாளி நினியனுடையது. வார்டெண்டுக்குத் தூக்கி வந்தவன் அவன்தான், முன்னால் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன், பின்னால் அவன். வாய் ஓயாதவன், மேட்டில் மூச்சு வாங்கும்போதும் கேலி பேசுகிறவன், அன்று அவள் முகத்தைப் பார்க்காமலே வந்தான். பட்டினி என்று நினைத்தாள்.

கோயில் தெரிந்தது. பண்ணை வாசலில் பலகையை வைத்தால் கீழே கோயில் மணிக்கூண்டு கண்ணுக்கு நேராகத் தெரியும். இறக்கம்தான். கால் உள்ள எவரும் ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். ஆனால் அது இடப்பக்கம். வலமாகப் போனால் குன்று முழுதும் சுற்றி, வழியில் எல்லா வாசலும் இறங்கி, வாரக்கணக்காகும்.

பண்ணைக்காரர் வந்ததும் கிரிசல் கெஞ்சினாள். “ஐயா, உங்க புள்ளகுட்டி நல்லாயிருக்கும். நாளைக்குக் காலைல கோயில் வாசல்ல என்னைக் கொண்டுபோய்ப் போட்டுருங்க. மாவு வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். “திருப்பித் தூக்கச் சொல்றியா? போன வருஷ விளைச்சலே பனிக்குப் போச்சு. விதைக்கு வச்சிருக்கிற மூட்டை ரெண்டுதான். அதையும் உன்னோட சேத்து அனுப்பவா? அதுவும் ஞாயித்துக்கிழமை! என்னால ஆகாது, கிரிசல். என் ஆளுங்களும் தொட மாட்டானுங்க.”

“நான் செத்துருவேன் ஐயா.”

“நாம எல்லாரும்தான்,” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

கிரிசல் அழவில்லை. பலகையிலிருந்து புரண்டு இறங்கி, முழங்கையை ஊன்றி வாசலைத் தாண்டினாள். கோயிலுக்கு ஊர்ந்தே போய்விடுவது என்று கிளம்பியவள் சாணக்குழி வரை போனாள். அதற்குள் கையில் ரத்தம். லிலியாஸ் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டாள், மாவு மூட்டையைப் போடுகிற மாதிரி.

“பைத்தியமா உனக்கு? பாதி வழியில விறைச்சுக் கெடப்ப!”

“கெடந்தா என்ன? பொணமானாலாவது தூக்கிட்டுப் போவாங்க.”

லிலியாஸ் அடுப்பைக் கிளறிக்கொண்டே, யாரிடமோ வழக்காடுகிற குரலில் சொன்னாள். “பொணத்துக்கு வலமும் கெடையாது, எடமும் கெடையாது. நேர் வழிதான். ஞாயித்துக்கிழமையும் தூக்கலாம்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தாயி, வேணாம். அது பாவம்.”

“பாவந்தான். நீ இங்க நெஜமா செத்தா அந்தச் சாவுச் செலவு என் தலையில. ரொட்டி, பீரு, தூக்குறவனுக்கெல்லாம். எப்படியும் அதைக் கொடுக்கத்தான் போறேன், உயிரோட இருக்கையிலேயே கொடுத்துட்டுப் போறேன். கோயில்ல போய் எழுந்துக்க. நான் மயக்கத்தைச் சாவுன்னு நெனச்சேன்னு சொல்லிக்கிறேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னு அவங்களே மன்னிச்சிருவாங்க.”

லிலியாஸின் வாய் எட்டூருக்குக் கேட்கும். அவள் இப்படிப் பேசுவது இரக்கத்திலா, பயத்திலா என்று கிரிசலுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பண்ணை ஆள் சாவுச் செய்தியோடு கோயில் தெருவுக்கு ஓடினான். லிலியாஸ் கிரிசலின் முகத்தில் குளிர்ந்த சாம்பலைத் தேய்த்தாள், தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள், கண்ணிமைமேல் இரண்டு செப்புக்காசு வைத்தாள். கிரிசலைச் செத்தவளாக்குவதில் பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. பாதி வேலையை மார்கழியே செய்து வைத்திருந்தது.

கோயில் சேவகன் சாண்டர்ஸ் சவத்துணியோடு வந்தான். சாவு என்றால் அவனுக்குப் பழக்கம், ஆனால் அந்த வருஷம் காய்ச்சல் பரவியிருந்ததால் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான்.

“நெஞ்சு மேல உப்புத் தட்டு வைக்கலியே?”

பிணத்தின் நெஞ்சில் உப்பு வைப்பது அங்கே வழக்கம். கிரிசல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தட்டு வைத்தால் நெஞ்சோடு ஏறி இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

“உப்பு விக்கிற வெலையில பிச்சைக்காரி நெஞ்சுல கொட்டவா?” என்று லிலியாஸ் பாய்ந்தாள். “உன் வீட்டுல இருந்தா கொண்டாயேன்! வைக்கிறேன்!”

சாண்டர்ஸ் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் அவள் கழுத்துக் கயிற்றைக் கத்தியால் அறுத்துத் தகட்டை எடுத்துக்கொண்டான். செத்தவர் தகட்டை உடனே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இதை இரண்டு பெண்களும் யோசிக்கவில்லை. கிரிசல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வாயைக் கட்டியிருந்ததும் நல்லதாய்ப் போயிற்று.

உயிரோடு இருந்தவளைத் தூக்க ஆளில்லை. செத்தவளைத் தூக்க நான்கு பேர் முண்டியடித்தார்கள், ரொட்டியும் பீரும் உண்டல்லவா. பிச்சைப் பலகையேதான் பாடை. வெல்வெட்டைத் தலைவரை போர்த்தினார்கள். அது கனமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு போர்வையைப் போர்த்தியதில்லை.

இறக்கத்தில் ஓரிடத்தில் பலகையை மதில்மேல் வைத்து இளைப்பாறினார்கள். ரொட்டி மெல்லும் சத்தம். யாரோ சொன்னார், “நினியன், உனக்கு நல்ல காலம்டா. இவ தகடு உன் பொண்டாட்டிக்குத்தானே? வரிசையில அடுத்தது மாலிதான்னு கேட்டேன்.”

“ஆமா.” நினியனின் குரல் அவள் தலைமாட்டிலேயே கேட்டது.

“தின்னுடா. ஏன் ரொட்டியை மடியில முடியுற?”

“புள்ளைங்களுக்கு.” பிறகு காலடிகள் விலகும் சத்தம். மற்றவர்கள் சற்றுத் தள்ளிப் போயிருக்க வேண்டும். நினியன் தாழ்ந்த குரலில் பேசினான், யாரிடம் என்றால், துணிக்குள் கிடந்தவளிடம். “பெரியம்மா, நான் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு உன்னைத் தூக்கிட்டுப் போறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். சின்னவ கை ரெண்டும் குச்சியாட்டம் ஆயிருச்சு. தறியில வேலையில்ல. நீ வராம போனா தகடு எங்களுக்கு வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் முழுங்கினேன். ஆனா நீ சாவணும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல.”

கிரிசல் துணிக்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். காசுகள் இரண்டும் காதோரம் சரிந்தன. அவளுக்கு வந்தது கோபம். நெஞ்சு வெடிக்கிற கோபம். தெரிந்தே என்னைக் குன்றுமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாயா, நாயே? கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. அந்தச் சின்னவளை அவளுக்குத் தெரியும். மாவுப் பையை எட்டிப் பார்த்து, “பாட்டி, உன்கிட்ட நெறைய இருக்கே,” என்று சொன்ன குழந்தை.

எழுந்தால் அந்தக் குழந்தைக்கு இல்லை. எழாவிட்டால் மண்ணைத் தள்ளுவார்கள். இப்போதே இந்த மதில்மேல் எழுந்து கத்தினாலும் ஒன்றுமில்லை, பயந்து போட்டுவிட்டு ஓடுவார்கள், கோயிலுக்கு யாரும் தூக்க மாட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோயில் முகப்பில் பலகையை இறக்கிவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். புதைப்பது மதியத்துக்கு மேல். பிரசங்கம் நீண்டது. கருங்கல் தரையின் குளிர் பலகை வழியாக முதுகில் ஏறியது. சாக வேண்டாம் என்று செத்தவள் போல் நடித்துவிட்டு, அந்த நடிப்பிலேயே செத்துப்போய்விடுவேனோ என்று அவளுக்குப் பயம் வந்தது. கடைசிச் சங்கீதம் முடிந்தது. பிறகு போதகரின் குரல். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராகத் தடியூன்றிப் போகிற சத்தம்.

“கிரிசல் ரெய்ட், இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அவளுடைய தகடு நெசவாளி நினியன் டியூரியின் மனைவி மாலிக்கு.”

கிரிசல் தாடைத் துணியைப் பிடுங்கினாள். “இருக்கேன்!” என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. புரண்டாள். பலகையிலிருந்து விழுந்தாள். முழங்கையை ஊன்றி, வெல்வெட் பின்னால் இழுபட, வாசற்படியைத் தாண்டி நடுப்பாதைக்கு ஊர்ந்தாள்.

முதலில் பார்த்தது ஒரு கிழவர். அவர் எழுந்து நின்றார். அப்புறம் பெண்கள் அலறினார்கள். பெஞ்சுகள் சரிந்தன. சாண்டர்ஸ் போதகரின் பின்னால் போய் நின்றுகொண்டான். கிரிசல் ஊர்ந்துகொண்டே இருந்தாள். போதகரின் காலடிக்குப் போனதும்தான் குரல் திரும்பியது.

“இருக்கேன் ஐயா. வந்துட்டேன். தகடு நாளுக்கு வந்துட்டேன்.”

போதகருக்கு முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. “தேவனுடைய வீட்டில் என்ன வேஷம் இது? யார் சொல்லித் தந்தது? மற்றவர்களைப் போல வர உனக்கு என்ன கேடு?”

லிலியாஸ் மூன்றாவது பெஞ்சில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நினியன் தூணருகே நின்றான். ஒரு வார்த்தை போதும். இவன் மறைத்தான் ஐயா, தெரிந்தே மறைத்தான் என்று ஒரு வார்த்தை. தண்டனை அவள் தலையிலிருந்து அவன் தலைக்கு மாறிவிடும்.

“யாரும் சொல்லித் தரல ஐயா,” என்றாள் கிரிசல். “தூக்க ஆளில்ல. அதான் செத்தேன்.”

மூப்பர்கள் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பொய்ச்சாவுக்கு மூன்று ஞாயிறு, சபை முன்னால் மனந்திரும்பும் முக்காலியில் உட்கார வேண்டும் என்று தீர்ப்பு. ஆனால் உயிரோடிருக்கிறவளின் தகட்டை, அவள் நாள் தவறாமல் வந்திருக்கும்போது, பறிக்கச் சட்டமில்லை. சொன்னேனே, கணக்கானவர்கள். புதிதாக ஒரு தகடு அடிக்கப் பெட்டியில் காசும் இல்லை, அவர்களுக்கு மனமும் இல்லை.

மாலி அங்கேயே நின்றாள். பெயர் படித்ததுமே கொடுத்த தகடு அவள் உள்ளங்கையில் இருந்தது, இன்னும் கயிறு கோக்கவில்லை. சின்னவள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலி குனிந்தாள், ஆனால் கையைத் திறக்கவில்லை.

“பெரியம்மா,” என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “நீ ஒண்டிக் கட்டை. எங்க வீட்டுல நாலு வாயி. இவளுக்குப் பசிக்குது பெரியம்மா.”

கிரிசல் குழந்தையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“எனக்கும் பசிக்குதுடி,” என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தகட்டை எடுத்துக்கொண்டாள்.

முக்காலித் தண்டனை முடிகிறவரை அவளைக் கோயில் தெருவைவிட்டு வெளியே தூக்கவில்லை. அப்புறம் பழையபடி சுற்று தொடங்கியது. விவரம் தெரியாத வயதிலிருந்து வாசலில் வாங்கித் தின்றவள் இல்லை அவள். குளத்தில் நின்று உழைத்தவள். ஆனாலும் அதற்குப் பிறகு, கொடுக்கிற வீட்டில் கேட்டு இன்னொரு பிடி வாங்கினாள், கொடுக்காத வீட்டு வாசலில் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். அவளைப் பற்றி ஊரில் நல்லவிதமாக யாரும் பேசவில்லை. செத்துப் பிழைத்தவள் என்று குழந்தைகள் ஓடின.

பார்லி முளைத்த பருவத்தில் நினியனின் சின்னவள் போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள். அந்த வருஷம் பட்டினிக்கு எல்லாரும் வைத்த பெயர் அது.

அடக்கம் முடிந்த வாரமே பலகை நினியன் வாசலில் இறங்கியது. வேண்டாம், அடுத்த வாசலில் இறக்குங்கள் என்று கிரிசல் தூக்கி வந்தவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாள். வாசல் தாண்டும் வழக்கமில்லை என்று வைத்துவிட்டுப் போனார்கள். கதவு திறந்தது. மாலி உள்ளே போனாள். மாவு மிடாவின் அடியை மரக்கரண்டி உரசுகிற சத்தம் வெளியே வரை கேட்டது. ஒரு பிடி கொடுக்காத வீடு, தானும் பிச்சை வீடுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவர்களுக்கு அந்த மானம் ஒன்றுதான் மிச்சம்.

மாலி மாவோடு வந்து நீட்டினாள். கிரிசல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பையைத் திறந்து பிடித்தாள்.

நினியன் முன்கம்பைப் பிடித்தான். பக்கத்து வீட்டுக்காரன் அந்த மாசிக் காய்ச்சலிலேயே போயிருந்தான், பின்கம்புக்கு ஆளில்லை. மாலி வந்து பிடித்தாள். முன்னால் போகிறவனுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். பின்னால் பிடிக்கிறவள் பலகையில் இருப்பவளை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும். வார்டெண்ட் வரை ஏற்றம். மாலி வழி முழுதும் அவளைப் பார்த்துக்கொண்டே தூக்கி வந்தாள்.